அமரத்தில் நிற்பவன்

மகனே அந்தோணி,

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேருமுன் பல பேர் கைபட்டுத்தான் வரும். பம்பாயில் ஒரு துரை உறையைக் கிழித்துப் பார்ப்பாராம். உன் வலது தோளில் இன்னும் கட்டுப் போட்டிருப்பதால், பிரித்துப் பிடித்து வாசிக்கவும் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரன் ஒருவன் வேண்டும். எல்லாரும் வாசிக்கட்டும். மறைத்து எழுதுகிற வித்தை எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேயப் படித்த எழுத்து இது. கோணலாக இருந்தால் வாசிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீ யாரையோ கொண்டு எழுதி அனுப்பிய கடிதத்தை, கப்பலுக்குக் கருப்பட்டி ஏற்றிவிட்டுத் திரும்பிய ஒரு மத்தியானம் உன் அம்மா என் கையில் கொடுத்தாள். "லீவு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் நான் ஊருக்கு வரவில்லை. இங்கேயே இருந்துவிட்டு மறுபடி பட்டாளத்தோடு கப்பல் ஏறுகிறேன். சூசையை உட்காரச் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை. கபிரியேல் மாமா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?" இவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, மெடல் கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு வரி. உன் அம்மா முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "மெடல உலையில போட்டுக் கஞ்சி காச்சவா? பிள்ளைய அனுப்பச் சொல்லும் முதல்ல" என்று என் மேல் பாய்ந்தாள். ஏதோ நான்தான் உன்னைப் பம்பாயில் கட்டிப்போட்டிருப்பதுபோல. அன்று முதல் எனக்குப் பானையில் சோறு இருக்கிறது, வீட்டில் பேச்சு இல்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். குண்டுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன், நம் படகில் துடுப்பு வலிக்கிற வயசாளி கபிரியேலுக்கு முன்னால் நிற்கப் பயந்து பம்பாயில் ஒளிந்துகொள்கிறாயா என்று கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எடுத்து நாலைந்து நாளாகிறது. இதற்குள் நடந்த ஒரு காரியத்தால் அந்தத் திட்டு என் வாயிலேயே நின்றுவிட்டது. அதையும் சொல்கிறேன், பைய வாசிக்கச் சொல்.

நீ முதன்முதலாகச் சுக்கானைப் பிடித்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மீசை அரும்பிய வயது. பாபநாசத்து மலையில் மழை கொட்டி, ஆறு செம்மண் நிறத்தில் வந்து கடலில் மோதிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ள, கடல் உள்ளே தள்ள, முகத்துவாரத்து மணல்மேட்டின் மேல் அலை சுவராக எழும்பும் அல்லவா, அதைக் கண்டதும் நீ படகின் பின்பக்கத்தில், அமரத்துப் பலகையில், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாய். "நில்லுலே!" என்று நான் போட்ட சத்தம் கொற்கை வரைக்கும் கேட்டிருக்கும். நீ அழுதுகொண்டே எழுந்து நின்றாய். அன்றைக்குக் கபிரியேல்தான் உனக்கு நேர் எதிரே, அமரத்தை ஒட்டிய முன்பலகையில் உட்கார்ந்து துடுப்பு வலித்தார். கரை சேர்ந்த பிறகு அவர்தான் உன் தலையைத் துவட்டிவிட்டார். "மருமவனே, நீ அழுதாலும் நின்னுக்கிட்டு அழு. உக்காந்துட்டா எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுடே" என்று சிரித்தார்.

அவர் சொன்னதுதான் நம் தொழில் முழுவதும். துடுப்பு வலிக்கிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிற அலை அவர்களுக்குத் தெரியாது. அமரத்தில் நிற்கிற தண்டல் ஒருவனுக்குத்தான் தெரியும். அவர்கள் பார்ப்பது அவன் முகத்தை. அலை பெரிதா சிறிதா, பிழைப்போமா மாட்டோமா, எல்லாவற்றையும் அந்த முகத்தில்தான் வாசிக்கிறார்கள். உன் பெரியப்பா எப்படிப் போனார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். என்னைவிடக் கெட்டிக்காரத் தண்டல். ஒரு கார்த்திகையில் மணல்மேட்டில் அலை எழும்பியதைக் கண்டு, தன்னை அறியாமல் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டார். பக்தியான மனிதர், வேறென்ன செய்வார். ஆனால் அவர் சிலுவை போட்டதைத் துடுப்புக்காரர்கள் கண்டார்கள். "தண்டலே சாமியக் கூப்பிட்டுட்டாரு" என்று ஒருவன் துடுப்பை விட்டான். அவனைப் பார்த்து இன்னொருவன் விட்டான். படகு குறுக்கே திரும்பியது. அதோடு சரி. அன்று முதல்தான் நம் படகில் அந்தச் சட்டம்: மணல்மேடு தாண்டும்வரை அமரத்தில் நிற்பவன் சிலுவை போடக்கூடாது. பங்குச் சாமியார் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் வறுத்தெடுத்தார். வறுக்கட்டும். சாமியார் துடுப்பு வலித்ததில்லை.

பாலம் கட்டும் பட்டாளத்துக்குப் படகுக்காரப் பையன்கள் வேண்டும் என்று பாளையங்கோட்டையிலிருந்து ஆள் வந்தபோது நீ துள்ளிக்கொண்டு போனாய். நீ போனாய் என்று சூசையும் வந்து நின்றான். கபிரியேலுக்கு அவன் ஒரே மகன். நான் அவரிடம், "யோசிச்சுக்கிடும் வே" என்றுதான் சொன்னேன். அவர் யோசிக்கவில்லை. "உம்ம மவன் அமரத்துல நின்னா எம் மவனுக்கு என்ன வந்துரப் போவுது?" என்றார். என் முதுகில் ஒரு தட்டு வேறு. அந்தத் தட்டு இப்போதும் அதே இடத்தில் வலிக்கிறது.

துருக்கியரோடு சண்டை நடக்கிற சீமையில், அந்தப் பெரிய ஆற்றில் நடந்ததை நீ எழுதவில்லை. உன் படகிலேயே இரண்டாம் பலகையில் துடுப்பு வலித்த பாளையங்கோட்டைச் சிப்பாய் ஒருவர், கையில் விரல்கள் போய் ஊர் திரும்பியவர், வைகாசியில் நம் கோயில் வாசலுக்கு வந்து சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்த ஊர் முழுக்க நின்று கேட்டது. கபிரியேலும் என் பக்கத்தில் நின்றார். விடிந்தும் விடியாத பனிமூட்டம், எதிர்க்கரையில் துருக்கியர், படகின் அடித்தட்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீன் அடுக்கினதுபோல் படுத்திருக்க, நீங்கள் துடுப்பு வலித்து அவர்களை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி ஆற்றில் பனி விலகியது, சுட ஆரம்பித்தார்கள். முன்னால் போன படகுகளில் துடுப்புக்காரர்கள் பயந்து திரும்பிப் பார்த்தார்கள், குனிந்தார்கள், படகுகள் குறுக்கே திரும்பி ஆற்றோடு போயின. போன படகில் இருந்தவர்களில் உயிரோடு திரும்பியவர் கொஞ்சம்தான் என்றார்.

"நம்ம படகுல மட்டும் அந்தோணி அண்ணாச்சி நிமிந்து நின்னாரு. துரையே படகுத் தட்டுல கெடந்துக்கிட்டு, உக்காரு உக்காருன்னு கத்துதாரு. இவரு கேக்கல. 'ஏலே, எம் மூஞ்சியப் பாருங்கலே, அங்கன திரும்பாதீங்க, கரைய நான் பாத்துக்கிடுதேன்'னு எங்களப் பாத்து ஒரே சொல்லுதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. தலைக்கு மேல காத்து கிழியுது. அவரு மூஞ்சியப் பாத்தா ஏதோ சந்தைக்குப் போற படகு மாதிரி இருக்கு. நாங்க அவரையே பாத்துக்கிட்டு வலிச்சோம். கொண்டு சேத்துட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஆள ஏத்திக்கிட்டுப் போனோம்."

அந்த இரண்டாம் நடையில்தான் உன் தோளில் பட்டது. நீ படகின் அடித்தட்டில் மல்லாந்து விழுந்தாய். துடுப்புகள் ஒரு கணம் நின்றுபோயின. அப்போது முன்பலகையிலிருந்து சூசை எழுந்து, துடுப்பைப் பக்கத்திலிருந்தவனிடம் தள்ளிவிட்டு, உன் உடம்பைத் தாண்டிப்போய் அமரத்தில் நின்று சுக்கானைப் பிடித்தான். அதே சொல்லைச் சொன்னான்: "எம் மூஞ்சியப் பாருங்கலே." அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கரை வரைக்கும் வலித்தோம் என்றார் சிப்பாய். "கரையில இடிச்சு, எல்லாரும் குதிச்ச பொறவுதான் அவரு நெத்தியில கை வச்சுச் சிலுவை போட்டாரு. போட்டுட்டு உக்காந்தாரு. உக்காந்தவரு எந்திரிக்கல. பாதி ஆத்துலயே வயித்துல பட்டிருக்கு. எங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. அவரு மூஞ்சியில அது தெரியல."

கபிரியேல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படகுல உள்ள ஆளுக எல்லாம் கரை சேந்துட்டாகளா?" சேர்ந்துவிட்டார்கள் என்றார் சிப்பாய். கபிரியேல் தலையாட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல் துறைக்கு வந்தார், முன்பலகையில் ஏறி எனக்கு நேரே உட்கார்ந்தார், துடுப்பை எடுத்தார்.

மகனே, அந்தப் பலகைக்கும் அமரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். கையை நீட்டினால் வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம். தினமும் அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கிறார். பார்க்கத்தான் வேண்டும், அவர் வேலையே அது. என் மகன் உயிரோடு இருக்கிறான், அவர் மகன் இல்லை. இதை முகத்தில் எங்கே ஒளித்துவைப்பது? நான் வானத்தைப் பார்த்தேன், பாய்மரத்தைப் பார்த்தேன், கரையில் நிற்கிற நாயைப் பார்த்தேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. உட்காரச் சொல்லவில்லை என்று நீ எழுதிய அந்த வார்த்தையும் சேர்ந்துகொண்டது. நீ கீழே மல்லாந்து கிடந்தாய். துடுப்புக்காரர்களுக்கு அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது. உனக்கு அவன் வயிறு தெரிந்திருக்கும். ரத்தத்தை நீ பார்த்திருக்கிறாய். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான், படகு திரும்பியிருக்கும், உள்ளே இருந்த அத்தனை பேரும் போயிருப்பார்கள். நீ செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. மெடல் கொடுக்கிற துரைக்கு இது தெரியாது. தாசில்தாருக்குத் தெரியாது. அவர் ஆள் அனுப்பி, நீ வரும்போது மேளதாளத்தோடு திருநெல்வேலி ரயிலடியிலிருந்து அழைத்துவர வேண்டும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ஊர்ப் பையன்களை வரிசையாக நிறுத்த வேண்டும் என்றார். ஒரு சூசை போதாதாக்கும் அவருக்கு. மேளம் அடித்தால் தோலைக் கிழிப்பேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து சுக்கான் பிடிக்க ஆரம்பித்தேன். மூட்டுவலி என்று சொன்னேன். ஆற்றுக்குள் உட்கார்ந்தே ஓட்ட முடிந்தது. உட்கார்ந்தால் தலையைக் குனிந்துகொள்ளலாம், கபிரியேலின் முகம் பார்க்க வேண்டாம்; மற்றவர்களுக்கு அவர் தோள் என்னை மறைக்கும். இன்னொரு நினைப்பும் உள்ளே ஓடியது. உட்கார்ந்துகொண்டே ஒரு படகை அலையில் தாண்டவைக்க முடியும் என்று ஆகிவிட்டால், உனக்கு எழுதலாம்: "ஏலே, இனிமேல் நிற்காதே. உட்கார்ந்து ஓட்டு, உன் அப்பன் ஓட்டிப் பார்த்துவிட்டான்." அப்படி எழுதத்தான் எனக்கு ஆசை. மறுபடி அங்கேதானே உன்னை அனுப்பப் போகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை, ஆனிக் காற்று எழும்பி, ஆற்றிலும் புதுத் தண்ணீர் வந்திருந்தது. வெளியே நிற்கிற கப்பலுக்கு உப்பு ஏற்றிக்கொண்டு போனோம். முகத்துவாரம் வந்தது. நான் எழவில்லை. சத்தம் மட்டும் கொடுத்தேன், "வலிங்க, வலிங்க" என்று. படகின் மூக்குப் பக்கம் கடைசிப் பலகையில் இருந்த சின்னப்பயல் ஒருவன் என் முகம் தெரியாமல் கழுத்தைத் திருப்பி அலையைப் பார்த்தான். பார்த்ததும் அவன் துடுப்பு தண்ணீரில் படாமல் காற்றில் போயிற்று. படகு பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியது. முதல் அலை உள்ளே விழுந்து பாதி உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. எனக்குக் கால் எழவில்லை, மகனே. நிஜமாகவே எழவில்லை. அப்போது கபிரியேல் கத்தினார்.

"எந்திரிச்சு நில்லும் வே! உம்ம மூஞ்சி தெரியல!"

யார் சொல்கிறார் பார். மகன் எழுந்து நின்றதால் அவனைப் பறிகொடுத்த மனிதர். நான் எழுந்து நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "என்னையப் பாருங்கலே" என்றேன். சுக்கானை மடக்கிப் படகின் மூக்கை அலைக்கு நேரே கொண்டுவந்தேன். அடுத்த அலையில் ஏறி இறங்கி வெளியே வந்துவிட்டோம். வந்த பிறகு எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டோம். கபிரியேல் மட்டும் துடுப்பை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்ச உப்பைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பி, படகை இழுத்துப் போட்டபின் அவர் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"ஒமக்கு மூட்டுவலி இல்ல" என்றார்.

"இல்ல."

"அந்தோணி எப்ப வாரான்?"

"வரலைன்னு எழுதிருக்கான்."

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றதும் உண்மை. ஆனால் அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ எழுதியதை அப்படியே சொன்னேன். சூசைக்குப் பட்டதை நீ பார்த்தாய், உட்காரச் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் எழுந்து தண்ணீர் வரைக்கும் போனார். கணுக்கால் நனைய வெகுநேரம் நின்றார். ஓடிப்போய் அவரைப் பிடிக்க வேண்டுமா, வீட்டுக்குப் போய்விட வேண்டுமா என்று தெரியாமல் நான் அங்கேயே கிடந்தேன். திரும்பி வந்து சொன்னார்.

"எம் மவன் மூஞ்சிய அந்த ஆத்துல கீழ கெடந்து பாத்தவன் உம்ம மவன் ஒருத்தன்தான். மத்தவனுக எல்லாம் படகு கரை சேரத்தான் அவனப் பாத்தானுவ. அடிபட்டதும் அவனுக்கு வலிச்சுதா, பயந்தானா, யாரையாவது தேடுனானா, அது அந்தோணிக்குத்தான் தெரியும். அவன் வந்து எங்கிட்டச் சொல்லணும். எழுதி அனுப்பப்பிடாது. எம் முன்னால நின்னு சொல்லணும்."

"சொன்ன பொறவு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதுக்குப் பொறவு நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது வே. அவனக் கட்டிப் பிடிப்பனோ, கழுத்த நெறிப்பனோ. அத இப்பம் எங்கிட்ட கேக்காதீரும்."

அதனால்தான் திட்ட வந்தவன் திட்டவில்லை. மாமா மன்னித்துவிட்டார், மகிழ்ச்சியாக வா என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்குமா என்றும் தெரியாது. உட்கார்ந்து ஓட்டு என்று எழுதலாம் என்று நினைத்தேன், அதுவும் பொய் என்று உப்பு கரைந்த அன்றே தெரிந்துபோயிற்று. உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு புத்திமதியும் என்னிடம் இல்லை, மகனே. நீ மறுபடி கப்பல் ஏறுவாய், மறுபடி ஏதோ ஒரு ஆற்றில் நிற்பாய், உன் அம்மா மறுபடி என்னோடு பேசாமல் இருப்பாள். ஆனால் ஒன்று தெரிகிறது. துருக்கியர் பக்கம் பார்க்காதே என்று நீ உன் ஆட்களிடம் சொன்னாய். எல்லாரும் பார்க்கப் பயப்படுகிற பக்கத்தை அமரத்தில் நிற்பவன்தான் பார்க்க வேண்டும் என்பதால் சொன்னாய். இப்போது அந்தப் பக்கம் கபிரியேல் வீட்டு வாசல். அதைப் பார்க்காமல் நீ கப்பல் ஏறினால், அந்த ஆற்றில் உன்னைப் பார்த்து வலித்தவர்கள் பார்த்த முகம் உன்னுடையது இல்லை என்று ஆகிவிடும்.

ரயிலடிக்கு நான் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். மேளம் கிடையாது. மெடலைப் பெட்டியில் வை, சட்டையில் குத்தாதே. உன் அம்மாவுக்குப் பம்பாய் மிட்டாய் ஏதாவது வாங்கி வந்தால் என் சோற்றுக்குக் கொஞ்சம் உப்பு சேரும். தன் வீட்டுக்கு நீயாக வர வேண்டாம் என்கிறார் கபிரியேல். படகுக்கு வரச் சொல்கிறார். நீ ஏறி அமரத்தில் நில். உன் தோள் இன்னும் சரியாகவில்லை, தெரியும். உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சுக்கானை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ நின்றால் போதும். நம் மூன்று பேரோடு இரண்டு துடுப்புக்காரர்கள், வேறு ஆள் வேண்டாம். அவர் முன்பலகையில் உனக்கு நேரே உட்கார்ந்து துடுப்பு வலிப்பார். மணல்மேட்டுக்குப் போகிற வழியிலேயே சொல்லிவிடு, எதையும் விடாமல் சொல். அவர் துடுப்பை நிறுத்தினாலும் நீ சொல்வதை நிறுத்தாதே. மணல்மேடு தாண்டும்வரை சிலுவை போடாதே. அவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். திருப்பாதே.

உன் அப்பா